பால் வீட்டுத் தராசு

எனக்கு எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் மீன் கூடைதான். எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும், சொன்னதையே திரும்பச் சொல்லிவிடுவேன், முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். இப்போது மறதி வேறு. நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து பேசினவளும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நம் ஜனங்களோடு இருந்து வேலை செய்தவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தெருப் படிப்பகத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒருத்திதான். அவளைப் பற்றி வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். எழுதினால் அது யாருக்கும் தெரியாது என்று இதை எழுதுகிறேன்.

எழுபது பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பி வராததால் நான் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் குழந்தைதான் என் இடுப்பில் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மிஸ் வந்தாள். எந்த தேசம் என்று சொன்னாள், மறந்துவிட்டது. குளிர் தேசம். காலேஜ் முடித்த கையோடு, இரண்டு வருஷம் ஏழை ஜனங்களுக்கு வேலை செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கப்பல் ஏறினவள். அவள் இவள் என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். என்னைவிடச் சின்னவள், மூக்கெல்லாம் வெயிலில் உரிந்து கிடக்கும். எங்களுக்கு அவள் மிஸ். அவளுக்கு நாங்கள் எல்லோரும் அக்கா. என் அம்மாவும் அக்கா, நானும் அக்கா.

குடியிருந்தது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாமியின் வீட்டு மாடியில். காலையில் சைக்கிளில் குப்பத்துக்கு வருவாள். மத்தியானம் எங்கள் யார் வீட்டிலாவது மீன் குழம்பு சாப்பிடுவாள், காரத்தில் கண்ணில் தண்ணீர் வழிய வழிய. சாயங்காலம் போனால் மாமி அவளை வாசல் வழியாக விடமாட்டாள். பின்பக்கம் கிணற்றடிக்குப் போய் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் மாடி ஏற வேண்டும். மிஸ் அதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அவளுடைய தமிழ் புத்தகத்தில் பாதி, எங்கள் குப்பத்தில் பாதி. ஒருநாள் மாமியிடம் போய், "இன்னா மாமி, துன்னாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். மாமி காதைப் பொத்திக்கொண்டாளாம்.

வந்த புதிதில் எதை எதையோ செய்து பார்த்தாள். குப்பை கொட்டக் குழி வெட்டினாள். இரண்டு நாள் காற்றில் மணல் மூடிவிட்டது. முருங்கைக் கிளைகளைக் கொண்டு வந்து வரிசையாக நட்டாள், ஆடு தின்றது. வெளியிலிருந்து ஆட்களைப் பிடித்துக் கக்கூஸ் வரிசை ஒன்று கட்டினாள். கதவெல்லாம் பச்சை வர்ணம் அடித்து அழகாகத்தான் இருந்தது. மழை வந்தபோது எங்கள் ஆட்கள் அதில் வலையைக் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மிஸ் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது வலைக்கு இல்லை" என்றாள்.

"எங்களுக்குக் கடக்கரை கீது மிஸ்ஸு. வலைக்கு இன்னா கீது, சொல்லு" என்றாள் என் அம்மா.

மிஸ் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் மனசுக்குள் கஷ்டப்பட்டாள். அவளை அனுப்பின ஆட்களுக்கு என்ன சொல்வது என்ற கவலை அவளுக்கு எப்போதும் இருந்தது.

கடைசியில் நின்றது பால் வீடுதான். ஊர்ப் பெரியவர்கள் ஒரு ஓட்டுக் கட்டடத்தை விட்டுக் கொடுத்தார்கள். மூட்டையில் பால் பவுடர் வரும். ஐந்தாவது படித்தவள், அளவு பார்த்துக் கலக்குவாள் என்று என்னை அடுப்படியில் நிறுத்தினார்கள். பவுடர் சுலபமாகக் கரையாது, கட்டி கட்டியாக நிற்கும். துடுப்பால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் என்பதால் யாரிடமும் பேச வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வாரத்துக்கு ஒருநாள், புதன்கிழமை, குழந்தைகளை நிறுக்கும் நாள். கடிகாரம் மாதிரி வட்ட முகம் வைத்த தராசு ஒன்றை மிஸ் உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவாள். கீழே கொக்கி, கொக்கியில் ஒரு துணித் தூளி. குழந்தையை அதில் உட்கார வைத்தால் முள் ஓடி நிற்கும். தூக்கி வைப்பது, முள் பார்ப்பது, அட்டையில் குறிப்பது எல்லாம் மிஸ்தான். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

முதல் புதன்கிழமை நடந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. எங்கள் வீட்டுக் குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு, அரைஞாண் கயிற்றில் கை வைத்தாள். கயிற்றில் ஒரு தாயத்து, ஒரு சங்குமணி, சின்னத் துணி முடிச்சு. அதையும் எடுத்தால்தான் எடை சரியாக இருக்கும் என்று நினைத்தாள் போல.

என் அம்மா பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். "அய்ய, அதுல கை வெக்காத மிஸ்ஸு. அர்ணாக்கவுறு உசுரு போனாதான் அவுப்பாங்க. பொணத்துக்குத்தான் வெறும் இடுப்பு."

மிஸ்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லோரையும் பார்த்துக் கையைக் கூப்பினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் கயிற்றைத் தொட்டதில்லை. மேலிடத்து ஆட்கள் பார்க்க வந்தால் அவளே முந்திக்கொண்டு சொல்லுவாள், கயிறு சாமி, அதைக் கழற்றக் கூடாது என்று. எங்கள் வழக்கத்தை இவ்வளவு மதிக்கிறாளே என்று பெண்களுக்கெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான்.

எடை ஏறின குழந்தையின் அட்டையில் சிவப்புப் பென்சிலால் நட்சத்திரம் போடுவாள். போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நல்லா கீது, ரொம்ப நல்லா கீது" என்று கை தட்டுவாள். ஏறாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போவாள். என்ன சமைத்தீர்கள், குழந்தை என்ன சாப்பிட்டது, தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்களா என்று கேட்பாள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மிஸ் ஒரு வீட்டு வாசலில் குனிந்து நுழைந்தாள் என்றால், அந்தக் குழந்தை வளரவில்லை, பெற்றவள் சரியில்லை என்று குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் குழாயடியில் தண்ணீர் பிடிக்கவே முடியாது.

"இன்னாமே, இன்னிக்கு உன் வூட்லயா மிஸ்ஸு?"

"வரட்டுமே, நாலு பாத்திரம் தேச்சு வெச்சுக்கினுதான் கீறேன்."

"பாத்திரத்தத் தேச்சா போதுமா, அதுக்குள்ள எதுனா போட வாணாம்?"

எங்கள் அண்ணி திருவான்மியூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். ரொம்ப வாயாடி, சிரித்த முகம். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசுவாள். ஆனால் குழந்தை ஒல்லிக் குழந்தை. மூன்று நாலு வாரம் தொடர்ந்து மிஸ் எங்கள் வீட்டுக்கே வந்தாள். மிஸ் போனதும் என் அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

"ஊருக் கொயந்தைக்கெல்லாம் ஸ்டாரு. நம்ம வூட்ல மட்டும் பானையை எட்டிப் பாக்குறாங்க. உன்கிட்ட ஊறுறது பாலா தண்ணியாடி?"

"ஏன், உன் புள்ள நாலு நாளா கட்டுமரத்தைக் கரையிலயே போட்டுக்கினு குந்தினு கீறாரே, அத்த மிஸ்ஸு கிட்ட சொல்றதுதானே" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, அடுப்பு மூலையில் போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டு அதன் கையையும் காலையும் அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

அப்புறம் எப்படியோ எங்கள் வீட்டுக்கும் நட்சத்திரம் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. ஆடி போய் ஆவணி வருவதற்குள் பால் வீட்டுச் சுவரில் மிஸ் ஒட்டியிருந்த பெரிய தாளில் கோடு எல்லாம் மேலே மேலே போனது. கோடு ஏறினால் குழந்தை வளர்கிறது என்று அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மேலிடத்திலிருந்து கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மிஸ் அன்றைக்கு எனக்கு உதவி செய்கிறேன் என்று துடுப்பை வாங்கிப் பால் கிண்டினாள், பாட்டு வேறு. ஊரைவிட்டு வந்த பிறகு அவள் முழுசாகச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மாதம்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் நான் கவனித்தேன். குழந்தைகளின் இடுப்புக் கயிற்றில் தாயத்துகள் கூடிக்கொண்டே போயின. ஒன்று இருந்த இடத்தில் மூன்று, நாலு. மஞ்சள் துணியில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டின முடிச்சுகள். எனக்கு அது ஆச்சரியமாகத் தெரியவில்லை. நாலு பேர் நடுவில் ஒரு குழந்தையை நல்லா கீது, நல்லா கீது என்று கை தட்டிச் சொன்னால் பெற்றவள் பயப்படாமல் என்ன செய்வாள்? கண் படாமல் இருக்க மந்திரித்துக் கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மிஸ்ஸும் ஒருநாள் அண்ணியிடம் ஆசையாகக் கேட்டாள்.

"அக்கா, இது எந்தச் சாமி?"

"இது நாகாத்தம்மா மிஸ்ஸு" என்றாள் அண்ணி.

"இது?"

"அது முண்டகக்கண்ணி."

"இந்தப் பெரியது?"

"அது எங்க மாமியாரு" என்றாள் அண்ணி. பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிஸ்ஸும் விளையாட்டு என்று புரிந்து சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத்தான் புரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போக முடியவில்லை. வீட்டுக்கு வீடு அடுப்பு ஒரு வேளைதான். ஆண்கள் கரையில் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குழாயில் வந்த தண்ணீர் கலங்கல். குழந்தைகளுக்குப் பேதி கண்டது. எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் வந்தது. ஒருநாள் நிற்கும், மறுநாள் போகும். நான் இடுப்பில் தூக்கும்போது அந்த முடிச்சுகள் என் விலாவில் அழுத்தும். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை மழை விடாமல் கொட்டியது. மிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தாள். நாலைந்து பெண்கள்தான் வந்திருந்தார்கள். அண்ணியும் வந்தாள். வராமல் இருந்தால் மிஸ் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்ற பயம். குழந்தையைத் தூளியில் வைத்தபோது வழக்கமாகக் கத்தும். அன்றைக்குக் கத்தவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

நான் அடுப்படியிலிருந்து வந்து, "கொயந்த அயலியே மிஸ்ஸு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மிஸ் முள்ளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. "ஏறி இருக்கு அக்கா. கொஞ்சம் ஏறி இருக்கு. பேதி இருந்தாலும் எடை ஏறினால் பயம் இல்லை" என்று எனக்குச் சொல்லிவிட்டு நட்சத்திரம் போட்டாள். அண்ணி அட்டையை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அண்ணி தரையில் உட்கார்ந்து குழந்தையின் இடுப்பில் இருந்த முடிச்சுகளைப் பல்லால் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் துணி கிழிந்தது. உள்ளே இருந்து தரையில் விழுந்ததெல்லாம் ஈயக் குண்டு. வலை தண்ணீரில் அமிழ்வதற்காக அடிக்கயிற்றில் கோப்போமே, அந்த ஈயம். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தொடைத் தோல் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நின்றது.

"எல்லாரும்தான் கட்னாங்க. ஒண்ணே ஒண்ணுன்னுதான் நானும் கட்னேன்" என்றாள் அண்ணி. "ஏறினது எறங்கினா மிஸ்ஸு வருமே. அப்பறம் அடுத்த வாரத்துக்கு இன்னொண்ணு. அதுக்கப்பறம் இன்னொண்ணு. நிறுத்த முடியலியே, நான் இன்னா பண்ணுவேன்."

என் அம்மா குனிந்து ஈயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க எங்களுக்கு வழி இல்லை. போனாலும் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாது. மிஸ்தான் ஒரே வழி. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன், ஈயத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். நான் முன்னால், அண்ணி பின்னால். கச்சேரி ரோடு முழுக்கத் தண்ணீர். மீன் கூடையோடு எத்தனையோ முறை நடந்த ரோடு, அன்றைக்குப் போகப் போக நீண்டுகொண்டே இருந்தது.

மாமி வீட்டு வாசற்படியில் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. அன்றைக்கு ஏறிக் கதவைத் தட்டினேன். மாமி கதவைத் திறந்து பார்த்தாள். ஈரப் புடவை, மீன் வாசனை, இரண்டு குப்பத்துப் பெண்கள். முகத்தைச் சுளித்தபடிதான், "யாரடிம்மா நீங்க? எதானாலும் பின்பக்கமா வாங்கோ" என்றாள். நான் துணியை விலக்கிக் காட்டினேன். மாமி குனிந்து பார்த்தாள். "அட பகவானே. நின்னுண்டு இருக்கியே, மாடிக்குப் போ. இந்த வழியாவே போ" என்று ஒதுங்கி நின்றாள்.

மிஸ் குழந்தையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஆனாலும் அவளுக்குப் புரியவில்லை. "காலையில் நான் நிறுத்தேனே. ஏறி இருந்ததே அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முந்தானையை அவிழ்த்து அவள் மேஜைமேல் கொட்டினேன். ஈயம் உருண்டு ஒன்றிரண்டு கீழே விழுந்தது. அவள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குழந்தையின் கயிற்றைப் பார்த்தாள், கிழிந்த மஞ்சள் துணி அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாருமா?" என்று கேட்டாள்.

அண்ணி தலையை ஆட்டினாள்.

மிஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்புகூடப் போடாமல் மழையில் லஸ் முனைக்கு ஓடி ஒரு டாக்ஸியோடு வந்தாள். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் குழந்தையின் வாயில் பஞ்சால் தண்ணீர் நனைத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணி உள்ளே வரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நானும் மிஸ்ஸும் உள்ளே போனோம். டாக்டர் இளவயசுக்காரர். குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகப் பேதி என்று என்னைக் கேட்டார், சொன்னேன். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "பேதி வர்றதுக்கு முன்னாடி எடை எவ்வளவு? தெரிஞ்சா எவ்வளவு தண்ணி போயிருக்குன்னு கணக்குப் பண்ணலாம்" என்றார்.

மிஸ் குழந்தையின் கயிற்றைப் பார்த்தாள்.

"கார்டு வெச்சு எடை பாக்குறீங்கதானே? கார்டு இல்லையா?"

"இருக்கு" என்றாள் மிஸ். "கார்டு பொய்."

டாக்டர் அவளை ஒருமாதிரி பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

நர்ஸம்மா குழந்தையைத் துடைத்து ஊசி ஏற்றத் தயார் செய்தாள். வயிறு உப்பி, நனைந்த கயிறு தோலில் இறுகிக் கிடந்தது. "இதை எடுக்கணும், அறுத்துடட்டுமா?" என்று கேட்டாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ்தான் சரி என்றாள். கத்தரிக்கோல் சத்தம் எனக்குக் கேட்டது. கயிற்றைக் குப்பைத் தொட்டியில் போடப் போனபோது மிஸ் தடுத்து வாங்கிக்கொண்டாள். சாமிக் கயிறு, தரையில் போடக் கூடாது, பெற்றவளிடம் கொடுக்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். இரண்டு கையையும் சேர்த்து, பிரசாதம் மாதிரி அதை ஏந்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

நான் குழந்தையின் தலைமாட்டிலேயே நின்றுவிட்டேன். வெளியே அண்ணியின் சத்தம் கேட்டது. இந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் என் வீட்டுக்காரருக்காகப் போட்டிருக்கிறேன். கயிறு தனியாக வந்துவிட்டது என்றால் குழந்தை போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அண்ணி மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அவளைப் பார்த்து வராந்தாவில் இருந்த மற்ற பெண்களும், யார் எவர் என்று தெரியாமலே, சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

நான் ஓடி வந்தேன். "உசுரு கீது அண்ணி, உசுரு கீது" என்று அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்கப் பேசினதில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்து, நம்பாமல், உள்ளே ஓடினாள். கயிறு தரையில் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் மிஸ் இல்லை. வராந்தாப் படியைத் தாண்டி மழையில் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

குழந்தை அன்றைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தது. அண்ணி அங்கேயே இருந்தாள், நான் போய் வந்துகொண்டிருந்தேன். கார்த்திகை தீபத்துக்கு முன்னால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் அம்மா கோயிலிலிருந்து புதுக் கறுப்புக் கயிறு வாங்கி வந்து, ஒரு முடிச்சும் இல்லாமல், வெறும் கயிறாகக் கட்டினாள். அதற்குப் பிறகு அண்ணியை அவள் பால் என்றோ தண்ணீர் என்றோ சொன்னதில்லை. குழந்தை நடக்க நாளாயிற்று, பேசவும் நாளாயிற்று. ஆனால் பிழைத்துவிட்டது.

மிஸ் பால் வீட்டுக்குத் திரும்ப வரவில்லை. அவளே நேராகப் போய் மேலிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கோடெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கோட்டு போட்ட அந்த இரண்டு பேரும், தமிழ் பேசுகிற ஒரு அம்மாளும் வந்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு எல்லாக் குழந்தைகளையும் மறுபடி நிறுக்க வேண்டும் என்றார்கள். ஒருத்தியும் குழந்தையைக் கொண்டுவரவில்லை. "பாலும் வாணாம், ஒண்ணும் வாணாம், கவுத்த அவுக்க மாட்டோம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தோடு பவுடர் மூட்டை வருவது நின்றது. தராசை இறால் வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்.

குப்பத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மிஸ் கை தட்டித் தட்டிக் கண் வைத்துவிட்டாள் என்று சிலர். அண்ணிமேல்தான் தப்பு என்று சிலர். அவர்கள் வீட்டுக் குழந்தை இடுப்பிலும் ஈயம் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் யாரைச் சொல்வேன்? எல்லோருக்கும் குழந்தை வளர வேண்டும் என்றுதான் இருந்தது.

குழந்தை கண் திறந்து பார்த்த அன்றைக்கே நான் மாமி வீட்டுக்குப் போனேன். மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று போனேன். மாமி இந்தத் தடவை வாசலிலேயே நின்று பேசினாள். "அவ ரூமைக் காலி பண்ணிண்டு போயாச்சும்மா. யாரோ வந்து பெட்டியை எடுத்துண்டு போனா. டில்லியோ, ஊருக்கேவோ தெரியலை. போறதுக்கு மொத நாள் சாப்பிடவே இல்லை. என்னடி ஆச்சுன்னு கேட்டேன். கொழந்தைன்னா, அதுக்கு மேல அவளால சொல்ல முடியலை" என்றாள்.

அந்தச் சொல்தான் இத்தனை வருஷமாக எனக்குள் கிடக்கிறது. எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியும். உயிர் போனால்தான் கயிறு வரும் என்று என் அம்மா சொன்னதை அவள் மறந்திருக்கமாட்டாள். உள்ளேயிருந்து அவள் வந்த அந்த நிமிஷத்துக்குள் குழந்தை போய்விட்டது என்று அண்ணியின் அழுகையை வைத்து நினைத்துவிட்டாளா? நான் கத்தினது அவள் காதில் விழுந்ததா? ஒரு டாக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டாளா, தெரியாது.

அண்ணி வேறு மாதிரி சொல்லுகிறாள். இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வார்டுக் கதவில் நின்று பார்த்துவிட்டுப் போனாள், அது மிஸ்தான் என்கிறாள். ஆனால் அண்ணி அப்போது தூக்கம் இல்லாமல் கிடந்தவள். அந்த ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீகளும் வந்து போவார்கள். எனக்கு அண்ணி சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டதையே நடந்ததாக எழுதிவிடக் கூடாது என்றுதான் இரண்டையும் எழுதுகிறேன்.

வருஷமும் மாசமும் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் குப்பத்தில் இருந்தவர்கள், அந்த மழைக் காலத்தில் எழும்பூரில் குழந்தையோடு படுத்திருந்தவர்கள், அவளை அனுப்பின இடத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதினது சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக, வார்டுக் கதவில் வந்து நின்றது யார் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அது மிஸ் இல்லை என்றால், அவள் எந்த ஊரில் இருந்தாலும் அவளுக்கு யாராவது தெரியப்படுத்த வேண்டும். குழந்தை பிழைத்துவிட்டது. மந்தைவெளிப் பக்கம் கட்டிக் கொடுத்தோம், நன்றாக இருக்கிறாள்.